நம் கதைகளில் பாத்திமா எங்கே?



நான் இப்பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் இரண்டு பாத்திமாக்கள் இருந்தோம். வருகைப் பதிவேட்டைத் திறந்து ஆசிரியை "பாத்திமா" என்று அழைத்ததும் இருவரும் ஒருசேர எழுந்து நிற்போம், வகுப்பே சிரிக்கும். ஒருத்தி கத்தோலிக்கப் பெண். போர்ச்சுகல் நாட்டின் பாத்திமா என்னும் ஊரில், 1917-ஆம் ஆண்டு, ஆடு மேய்த்த மூன்று சிறுவர்களுக்குக் காட்சி தந்த அன்னையின் நினைவாக அவளுக்கு அப்பெயரை இட்டிருந்தார்கள். மற்றொருத்தி நான். நபிகள் நாயகத்தின் அருமை மகளாரின் பெயரை என் வாப்பும்மா எனக்கு வைத்தார்கள். போர்ச்சுகலின் அந்த ஊர்ப் பெயரே அரபு மொழியிலிருந்து வந்தது என்பதை நான் பின்னாளில் படித்து அறிந்தபோது, எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த ஆசிரியையை நினைத்துக்கொண்டேன்.

மறைக்கல்வி வகுப்புக்கு மணி அடித்ததும் அவள் ஒரு பக்கம் போவாள். நான் நன்னெறி வகுப்புக்குப் போவேன். மற்ற நேரமெல்லாம் ஒன்றாகவே இருப்போம். நூலகப் பீரோ திறக்கும் நாளன்று இருவரும் ஓடிப்போய் வரிசையில் முதலில் நிற்போம். அம்புலிமாமா, கோகுலம், சிறுவர் நாவல்கள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துத் தீர்ப்போம். அந்தக் கதைகளில் எத்தனையோ பெண் பிள்ளைகள் வந்தார்கள். காட்டில் வழி தவறினார்கள், திருடனைப் பிடித்தார்கள், பாட்டியின் நகையைக் கண்டெடுத்தார்கள். அவர்களில் ஒருத்திக்குக்கூட பாத்திமா என்ற பெயர் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எங்களவர் வந்தால், அத்தர் விற்கும் பாயாக வந்தார்கள். இல்லையேல் பாக்தாது நகரத்து இளவரசியாக வந்தார்கள். எங்கள் தெருவில் எந்த இளவரசியும் இல்லை.

மேடையிலும் அப்படித்தான். சுதந்திர தின விழாவில் மத ஒற்றுமை நாடகம் என்றால் எனக்கு ஒரு வேடம் நிச்சயம் உண்டு. வண்ண அட்டையில் செய்த குல்லாயைத் தலையில் வைத்து, பருத்திப் பஞ்சில் தாடி ஒட்டி, "நாம் அனைவரும் சகோதரர்கள்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுவிட வேண்டும். ஐந்து ஆண்டுகள் அதே வசனம்! நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் தாடி வைத்த அந்தச் சகோதரர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், அவர் வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை, அவர் எதற்கு அஞ்சினார், எதற்குச் சிரித்தார் என்று எவரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

எழுதத் துணிந்தது ஏன்?

இன்று நான் ஒரு தமிழாசிரியை. பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதி வருகிறேன். கடற்கரை ஊர் ஒன்றில் ஐவேளை தொழுது, நோன்பு நோற்று, குர்ஆன் ஓதப் போய், பிறகு பள்ளிக்கூடம் வந்து வளரும் ஒரு முஸ்லிம் சிறுமியின் ஓராண்டு வாழ்க்கையே அதன் கதை. அவள் பெயரும் பாத்திமாதான். முன்னாள் மாணவி என்ற உரிமையில் இம்மலருக்கு எழுதக் கிடைத்த வாய்ப்பை, அந்த நாவலைப் பற்றிய என் கருத்தைச் சொல்லவே பயன்படுத்துகிறேன்.

தமிழுக்கு இஸ்லாமியர் புதியவர்கள் அல்லர். பதினேழாம் நூற்றாண்டிலேயே உமறுப் புலவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணம் பாடினார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. எழுதியவர் மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கராகிய வேதநாயகம் பிள்ளை. அதற்குப் பிறகு ஆறே ஆண்டுகளில், 1885-இல், கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை அசன்பே சரித்திரம் எழுதினார். இருவருமே பெண் கல்விக்காகப் பேசியவர்கள் என்பதை நம் பள்ளி மலரில் குறிப்பிடுவது பொருத்தம். 1938-இல் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். மூன்றாம் வகுப்பு வரையே பள்ளிக்குச் சென்ற அப்பெண்மணியின் நூலுக்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை தந்தார். நம் காலத்தில் தோப்பில் முகமது மீரானும் சல்மாவும் முஸ்லிம் வீடுகளின் உள்ளறைகளையே நாவலாக்கிக் காட்டினார்கள்.

ஆனால் இவையெல்லாம் பெரியவர்கள் படிப்பதற்கானவை. ஆறாம் வகுப்புப் பெண்ணின் கையில் கொடுக்க என்ன இருக்கிறது? என் ராத்தாவின் மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது, நான் வாங்கித் தந்த பத்துக் கதைப் புத்தகங்களையும் படித்து முடித்துவிட்டு, "சாச்சி, இதுல யாருமே ஓதப் போகலையே?" என்று கேட்டாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, வியப்பாகத்தான் கேட்டாள். விடியற்காலையில் ஓதப் போகாத பிள்ளைகளும் உலகத்தில் இருக்கிறார்களா என்பது அவள் ஐயம். எனக்கோ வேறு ஐயம் எழுந்தது. தன் வாழ்க்கை கதையில் வரத் தகுதியற்றது என்று இந்தப் பிள்ளை ஒருநாள் முடிவு செய்துவிடுவாளோ?

இரு பக்கத்து அறிவுரைகள்

நாவல் எழுதுகிறேன் என்று சொன்னதும் அறிவுரைகள் வந்து குவிந்தன. அவற்றை இரண்டாகப் பிரிக்கலாம்.

ஒரு பக்கத்தார் சொன்னது: "பெருநாளைப் பற்றி எழுதுங்கள், பிரியாணி, புத்தாடை, மருதாணி எல்லாம் வரட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதிவிடுங்கள். தொழுகையை ரொம்பக் காட்ட வேண்டாம். மற்றப் பிள்ளைகளுக்குச் சலிக்கும்." இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், "முடிவில் அந்தப் பெண் கட்டுப்பாடுகளை உதறிவிட்டு வெளியே வந்தால்தானே கதை?" என்றார்கள்.

மறு பக்கத்தார் எங்கள் உறவினர்கள். "நல்ல காரியம். நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரி வேண்டும். அவள் பொய் சொல்லக் கூடாது, தொழுகையைத் தவறவிடக் கூடாது, உம்மாவை எதிர்த்துப் பேசக் கூடாது. பிறர் நம்மைத் தவறாக நினைக்க இடம் கொடுத்துவிடாதே" என்றார்கள்.

இரண்டும் அன்பினால் சொல்லப்பட்டவைதாம். ஆயினும் இரண்டுமே அந்தச் சிறுமியைக் கொன்றுவிடும் என்பது என் கருத்து. முதலாவது அவளைக் கண்காட்சிப் பொருளாக்குகிறது. இரண்டாவது அவளைச் சுவரில் மாட்டும் படமாக்குகிறது. பழைய பஞ்சுத் தாடி வேடத்துக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மார்க்கத்தைக் கடைப்பிடித்து வளர்வது என்றால் என்ன? ஆண்டுக்கு இரண்டு பெருநாள் கொண்டாடுவது மட்டும் அன்று. விடியுமுன் உம்மா போர்வையை இழுக்கும்போது "இன்னும் அஞ்சு நிமிசம்" என்று கெஞ்சுவது. கிணற்றுத் தண்ணீரில் ஒளு எடுக்கும்போது முழங்கை வரை சில்லிடுவது. தொழுகையில் நெற்றி பாயில் படும் நேரத்தில் முடிக்காத கணக்கு நினைவுக்கு வருவது. ஓதிக் கொடுப்பவரிடம் முந்திய நாள் பாடம் வராமல் விழிப்பது. அங்கிருந்து ஓடி வந்து பள்ளிச் சீருடை மாட்டிப் பேருந்தைப் பிடிப்பது. சுபுஹு, லுஹர், அஸர், மஃரிபு, இஷா என ஐந்து வேளையும் சூரியனோடு சேர்ந்து நகர்வதால், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொள்ளும் முன்பே நிழலைப் பார்க்கத் தெரிந்துவிடும். இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது? இப்படியே எழுதினால் போதும். அதிகாலைத் திருப்பலிக்கு எழுப்பப்படும் எந்தக் கத்தோலிக்கச் சிறுமிக்கும் இது புரியாதா?

சொற்களுக்குப் பொருள் எழுதுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஒருசந்தி' என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. என் தோழி பாத்திமா பெரிய வெள்ளியன்று "இன்னைக்கு எனக்கு ஒருசந்தி" என்று சொல்லி மாங்காய்த் துண்டை வேண்டாம் என்றாள், எனக்கு விளங்கிவிட்டது. அதுபோலத்தான் அவளுக்கு 'சஹர்' விளங்கியது. நோன்புக் காலத்தில் நான் பள்ளிவாசலிலிருந்து தூக்குச் சட்டியில் வாங்கி வரும் கஞ்சியில் பாதி அவள் பங்கு. பிள்ளைகள் சொற்களைக் கண்டு அஞ்சுவதில்லை. அவர்களுக்காக நாம்தான் அஞ்சுகிறோம்.

பிரேம்சந்த் எழுதிய 'ஈத்கா' என்ற சிறுகதை 1933-இல் வந்தது. பெற்றோரை இழந்த ஹமீது என்னும் சிறுவன் பெருநாள் சந்தையில் தன்னிடம் இருந்த மூன்று பைசாவுக்குப் பொம்மையோ மிட்டாயோ வாங்காமல், ரொட்டி சுடும்போது விரல் சுட்டுக்கொள்ளும் பாட்டிக்காக ஓர் இடுக்கி வாங்கி வருகிறான். எழுதியவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் அவர் ஹமீதின் மார்க்கத்தை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை, மறைக்கவும் இல்லை. திடலில் வரிசை வரிசையாக மக்கள் தொழுவதையும் காட்டுகிறார். பிறகு சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார். படித்த யாரும் அந்தப் பாட்டியின் விரலை மறப்பதில்லை.

நகரும் மாதம்

ஓராண்டுக் கதை எழுத உட்கார்ந்ததும் ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர். பொங்கல் என்றால் ஜனவரி. நோன்பு மாதத்தை எங்கே வைப்பது? எங்கள் ஆண்டு சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படுவது. 354 நாட்களே உடையது. ஆகையால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே வந்துவிடும். மழைக்காலம், பனிக்காலம், கோடை என எல்லாப் பருவங்களையும் தொட்டு, சுமார் 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். டிசம்பர் நோன்பு எளிது. பகல் சிறியது, தாகம் குறைவு. ஏப்ரல் நோன்பின் கதை வேறு.

நான் யோசித்துப் பார்த்து, என் பாத்திமாவின் நோன்பை மார்ச்சு மாதத்தில், பொதுத்தேர்வுக்கு முன்னால் வைத்தேன். ஏனெனில் என் சொந்த வாழ்க்கையில் அது அங்கேதான் வந்தது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். இதுவரை என் உம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

1992-ஆம் ஆண்டு. நான் பத்தாம் வகுப்பு. மார்ச்சு முதல் வாரத்தில் ரமலான் பிறந்தது. அதே வாரத்தில் திருநீற்றுப் புதனும் வந்ததால் தவக்காலமும் தொடங்கியிருந்தது. மாலையில் எங்களுக்குக் கணக்குச் சிறப்பு வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணி வெயில். தலை வலித்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாழ்வாரத்து மூலையில் மணலின்மேல் ஈரத்துணி சுற்றிய மண்பானை இருக்கும். பழைய மாணவிகளுக்கு நினைவிருக்கலாம். சுற்றிலும் யாரும் இல்லை. ஒரு தம்ளர் குடித்தேன். இன்னொரு தம்ளர் மொண்டேன். அதை வாயில் வைத்திருக்கும்போது ஓர் அருட்சகோதரி மூலை திரும்பி வந்து எதிரே நின்றார்கள்.

நான் நோன்பு என்பது அவர்களுக்குத் தெரியும். காலையில் வகுப்பு முழுவதும் கேட்க, பெருமையாகச் சொன்னவளே நான்தான். தம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பரவாயில்லை, படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டிருந்தால் அதுவும் எனக்கு வலித்திருக்கும், அதையும் அவர்கள் கேட்கவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, "இன்றைக்கு எனக்கும் ஒருசந்தி, பிள்ளை. பதினொரு மணிக்கே காப்பி ஞாபகம் வந்துவிட்டது" என்றார்கள். பிறகு, "வா, கணக்கு மிச்சம் இருக்கிறது" என்று முன்னால் நடந்தார்கள். அவ்வளவுதான். அதன்பின் ஒருநாளும் அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை.

மாலையில் பாங்கு சொன்னதும் வீட்டில் எல்லாரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தார்கள். எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. அடுக்களைக்குப் போய் உம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். உம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். "மறைக்காமச் சொன்னியே, அது போதும். அல்லாட்ட மன்னிப்புக் கேளு. பெருநாள் கழிச்சு ஒரு நோன்பு களாப் புடிச்சிரு. இப்பக் கஞ்சியக் குடி, ஆறிப்போகுது" என்றார்கள். பெருநாள் முடிந்து உம்மா ஆறு நோன்பு வைத்தபோது, நானும் அதில் ஒரு நாள் உடனிருந்து என் களாவை நிறைவேற்றினேன். அன்று யாருக்கும் தெரியாமல் நோற்ற நோன்பு, வகுப்பில் பெருமையடித்த எல்லா நோன்புகளையும்விட எனக்குப் பெரிதாக இருந்தது.

தங்கையரே, நான் மார்க்கத்தில் வளர்ந்தது அந்த நாளில்தான் என்று இன்றும் நம்புகிறேன். தவறாதபோது நான் வெறுமனே கீழ்ப்படிந்தேன். தவறி, மறைத்து, வெட்கப்பட்டு, சொல்லி, மன்னிக்கப்பட்டு, மீண்டும் நானாகவே எடுத்துக்கொண்டபோதுதான் அது என் சொந்த நோன்பாயிற்று. அந்த இரண்டு தம்ளர் தண்ணீர் என் நாவலின் ஒன்பதாம் அத்தியாயம்.

அந்த அத்தியாயம் இருக்கலாமா?

கையெழுத்துப் படியைப் படித்த உறவினர் ஒருவர், வயதில் மூத்தவர், என் நன்மையையே விரும்புபவர், ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். "நோன்பை முறித்தவளைக் கதாநாயகி ஆக்கலாமா? நம்மைப் பற்றி ஊரார் ஆயிரம் பேசும் காலம் இது. நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். அவருடைய அச்சத்தை நான் லேசாக எண்ணவில்லை. பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சிறுபான்மையாக வாழும் எந்தச் சமுதாயத்துக்கும் தன் பிள்ளைகளைக் குறையின்றிக் காட்ட வேண்டும் என்ற கவலை இருக்கும். கிறிஸ்தவ வீடுகளிலும் இக்கவலை தெரியாததன்று.

பதிப்பகத்தார் ஒருவரும் படித்தார். அவருக்கு ஒன்பதாம் அத்தியாயம் மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் பத்தாம் அத்தியாயத்தை, அதாவது அவள் களா நோன்பு நோற்பதை, எடுத்துவிடச் சொன்னார். "தண்ணீர் குடித்ததோடு நிறுத்துங்கள், அதுதான் விடுதலை" என்றார்.

பார்த்தீர்களா? ஒருவருக்கு அவள் தண்ணீர் குடிக்கக் கூடாது. மற்றவருக்கு அவள் திரும்பவும் நோன்பு பிடிக்கக் கூடாது. இரண்டையும் செய்த சிறுமி இருவருக்கும் வேண்டாதவள் ஆகிவிட்டாள். ஆனால் உண்மையில் இருந்தவள் அவள்தானே!

இரண்டு இரவுகள் யோசித்தேன். பிறகு, முதலில் 'யாருமே ஓதப் போகலையே' என்று கேட்டவளிடமே படியைக் கொடுத்தேன். இப்போது அவள் கல்லூரி மாணவி. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிளஸ் டூ தேர்வு எழுதினாள். நான் 1992-இல் கண்ட அதே மார்ச்சு நோன்பு, 33 ஆண்டுகள் சுற்றிவந்து அவளைப் பிடித்துக்கொண்டது; அவ்வாண்டும் தவக்காலம் கூடவே வந்தது. படித்து முடித்துவிட்டு வெகுநேரம் அவள் பேசவில்லை. பின்பு மெதுவாக, "சாச்சி, பிசிக்ஸ் பரீட்சை அன்னைக்கு நானும் குடிச்சிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. இனிமே நான் நோன்பு வச்சாலும் அது பொய்னுதான் நினைச்சிட்டிருந்தேன்" என்றாள்.

ஒரு பிள்ளை இத்தனை மாதங்கள் தனியே சுமந்த பாரம் அது! அவள் கையில், தவறிய ஒரு நல்ல பெண்ணின் கதை முன்பே இருந்திருந்தால்? தவறு செய்யாத பாத்திமாவை மட்டுமே நாம் எழுதி வைத்தால், தவறு செய்துவிட்ட பாத்திமா தனக்கு இங்கே இடமில்லை என்று ஓசையின்றி எழுந்து போய்விடுவாள். கதவைத் திறந்துவைப்பது மார்க்கத்துக்கு இழுக்கு அன்று. இறைவனை அளவற்ற அருளாளன் என்று ஒவ்வொரு காரியத்தின் தொடக்கத்திலும் சொல்கிறோம். கதையில் மட்டும் அந்த அருளுக்கு வேலை இல்லாமல் செய்துவிடலாமா?

ஆகவே இரண்டு அத்தியாயங்களும் இருக்கும். அந்தப் பதிப்பகம் வேண்டாம் என்றால் வேறு பதிப்பகம் தேடுவேன். உறவினரிடம் என் முடிவை மரியாதையோடு சொல்லிவிட்டேன். அவர் இன்னும் ஒப்பவில்லை. ஆனால் நூல் வந்தால் முதல் படி தமக்கு வேண்டும் என்கிறார்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே தெரிந்த இன்னொன்றையும் எழுதியிருக்கிறேன். மாதத்தில் சில நாட்கள் தொழுகையிலிருந்தும் நோன்பிலிருந்தும் மார்க்கமே எங்களுக்கு ஓய்வு தருகிறது. ஆயினும் அந்நாட்களில் அண்ணன் தம்பியர் முன்னால் நோன்பாளி போலவே நடித்துக்கொண்டு, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அவசரமாகச் சாப்பிடும் பெண்கள் எத்தனை பேர்! இறைவன் தந்த சலுகைக்கு வெட்கப்படக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? ஒரு கதை சொல்லலாம்.

பொதுவான கதை போதாதா?

"பிள்ளைகளுக்கு மதம் எதற்கு? எல்லாருக்கும் பொதுவான கதைகள் போதாதா? இப்படி எழுதினால் பிரிவினை வளராதா?" என்று நியாயமான ஒரு கேள்வி எழலாம். நானும் ஆசிரியை என்பதால் இக்கேள்வியை மதிக்கிறேன். ஆனால் நாம் பொது என்று சொல்லும் கதைகளை உற்றுப் பாருங்கள். அவற்றில் தீபாவளி வருகிறது, கோயில் மணி ஒலிக்கிறது, பாட்டி விளக்கேற்றுகிறாள். அது அழகு, இருக்கட்டும். பொது என்பதற்காக ஒருத்தி மட்டும் தன் பாயைச் சுருட்டி ஒளித்து வைத்துவிட்டு வர வேண்டும் என்றால், அது எப்படிப் பொதுவாகும்? ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கதவைத் திறந்து மற்றவளை உள்ளே அழைப்பதே பொது.

என் தோழி பாத்திமாவுக்கு என் மார்க்கத்தைப் பற்றித் தத்துவம் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டுக் கஞ்சியில் இஞ்சி சற்றுத் தூக்கலாக இருக்கும் என்பது தெரியும். மஃரிபு பாங்கு கேட்டதும் என் வாப்பும்மா பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்பது தெரியும். இன்று அவள் வெளியூரில் இருக்கிறாள். எங்களைப் பற்றி யாரேனும் தவறாகப் பேசினால், அவள் வாதம் செய்வதில்லையாம். "எனக்கு அந்த வீடு தெரியும்" என்று மட்டும் சொல்வாளாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு தோழி வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்களுக்குத்தான் புத்தகம்.

ஆகவே மாணவியரே, உங்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்களில் கதை எழுதும் ஆசை உள்ளவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் வீட்டைப் பற்றி எழுதுங்கள். ஜெபமாலை சொல்லும்போது தூங்கி விழுந்ததையும் எழுதுங்கள். விரதம் இருந்த நாளில் ஜாங்கிரியைப் பார்த்ததையும் எழுதுங்கள். உங்கள் பக்தியைக் குறைத்தும் எழுதாதீர்கள், கூட்டியும் எழுதாதீர்கள்.

அருட்சகோதரியரே, நூலகப் பீரோவுக்கு அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது, வருகைப் பதிவேட்டை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் உள்ள பெயர்கள் பீரோவிலும் இருக்கின்றனவா?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அயல் வீட்டு மார்க்கத்தைப் பற்றிய கதையைப் படித்தால் தன் மார்க்கத்தை விட்டுவிடுவாள் என்று அஞ்ச வேண்டாம். ஐந்தாண்டுகள் கஞ்சி குடித்த என் தோழி இன்றும் ஒருசந்தி தவறுவதில்லை.

அன்று தாழ்வாரத்தில் என் எதிரே நின்ற அருட்சகோதரி இப்போது இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்துவிட்டார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவர்கள் பெயர் இல்லாமல் வருகிறார்கள். அவர்களிடம் நேரில் சொல்ல முடியாத நன்றியை அந்த அத்தியாயத்தில் வைத்திருக்கிறேன். நூல் அச்சாகி வந்ததும் இந்தப் பள்ளி நூலகத்துக்கு ஒரு படி தருவேன். வரிசையில் முதலில் ஓடி வந்து எடுப்பவள் எந்தப் பாத்திமாவாக இருந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

— ஒரு முன்னாள் மாணவி